தப்பாகப் படிக்கும் கணினியும் ‘ஈரான்’ டீச்சரும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் என் அக்காள் மகன், படிவம் இரண்டு மாணவன். கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். கைப்பேசியில் வழிகாட்டிச் செயலி பேசிக்கொண்டே வந்தது. பிரிக்பீல்ட்ஸை நெருங்கியதும் அந்தப் பெண் குரல், “ஜேலன் டன் சேம்பன்தன்” பக்கம் திரும்பச் சொன்னது.

ஜாலான் துன் சம்பந்தன்தான் அது! பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சித்தி, இந்த அம்மாவுக்கு நம்ம ஊரு ரோட்டுப் பேரே சொல்லத் தெரியல!”

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிய நேரத்தில் பழைய நினைவு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

எனக்குப் பெயர் வந்த கதை

2003ஆம் ஆண்டு. நம் நாட்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டு. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே படித்துவிட்டு, அந்த ஆண்டுதான் நான் படிவம் ஒன்றில் சேர்ந்தேன். அந்தக் கொள்கை நல்லதா கெட்டதா என்ற விவாதம் பெரியவர்களுக்கு இன்னும் ஓயவில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு நாள் பாடநூலை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். காந்தத்தின் அருகில் இரும்புத்தூளைத் தூவும் சோதனை. ‘இரும்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஐ, ஆர், ஓ, என் என்று நான்கு எழுத்துகள். நான்கையும் மரியாதையாக ஒலித்து, “ஐரான்” என்று வாசித்தேன். வகுப்பே அதிர்ந்தது. “அயன்” என்று சொல்ல வேண்டுமாம். அன்று முதல் ஆண்டு முடியும் வரை எனக்கு ‘ஈரான்’ என்று பட்டப்பெயர்.

பட்டப்பெயர் போகட்டும். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அறிவியல் வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை. விடை தெரிந்த கேள்விக்கும் கை தூக்கவில்லை. என் இழப்பு அதுதான்.

இன்று நான் அறிவியல் ஆசிரியை. என் வகுப்பிலும் அப்படி ஒரு மாணவன் இருக்கிறான். கேள்வி கேட்டால் தலைகுனிவான். ஆனால் விடையைச் சரியாகத் தாளில் எழுதி, பாடம் முடிந்ததும் என் மேசையில் வைத்துவிட்டுப் போவான். ஏன் வாயால் சொல்லவில்லை என்று கேட்டேன். “தப்பா உச்சரிச்சா சிரிப்பாங்க டீச்சர்” என்றான்.

கணினி எப்படி வாசிக்கிறது?

மீண்டும் பிரிக்பீல்ட்ஸ். அங்கே நடந்திருப்பவர்கள் நடைபாதையில் மேடும் பள்ளமுமான மஞ்சள் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். அக்காள் மகன் அதை அழகுக்காகப் போட்டது என்றே நினைத்திருந்தான். அது அழகுக்கல்ல. பார்வையற்றோருக்கான வழிகாட்டி. நீளக் கோடுகள் என்றால் ‘தொடர்ந்து நட’; புள்ளிகள் என்றால் ‘கவனம், நில்’. ஜப்பானைச் சேர்ந்த சேயிச்சி மியாக்கே என்பவர் 1965இல் உருவாக்கிய முறை இது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் இருப்பிடம் பிரிக்பீல்ட்ஸ்தான். அதனால்தான் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களை மற்ற இடங்களைவிட இங்கே அதிகமாகப் பார்க்கிறோம்.

அவர்களால் கணினியையும் பயன்படுத்த முடியும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் ‘திரைவாசிப்பான்’ என்ற மென்பொருள் அதற்கு உண்டு. ஒரு காலத்தில் இதை வாங்க ஆகும் செலவு கணினியின் விலையையே தாண்டிவிடும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற பல்கலைக்கழக மாணவர், ‘ஏன் இவ்வளவு விலை?’ என்று கேட்டுத் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். அதுதான் ‘என்விடிஏ’. இன்று உலகமெங்கும் பயன்படுகிறது. பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. உங்களில் சிலர் பள்ளியில் கற்கும் அதே பைத்தான்.

என்விடிஏ பேசுவதற்கு ‘ஈஸ்பீக்’ என்ற குரல் மென்பொருளும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஜானதன் டடிங்டன் என்பவர் தொடங்கியது. இன்று தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். 100க்கும் மேற்பட்ட மொழிகளையும் அவற்றின் வட்டார வகைகளையும் பேசும். அவற்றில் தமிழும் உண்டு, மலாயும் உண்டு. சின்னஞ்சிறு மென்பொருள்தான். குரல் இனிமை என்று சொல்ல முடியாது. பழைய படங்களில் வரும் ரோபோ மாதிரி இருக்கும். ஆனால் மிக வேகமாகப் பேசினாலும் தெளிவு குறையாது. பழகிய பார்வையற்றோர் அதை நிமிடத்துக்கு 400 சொல் வேகத்தில்கூடக் கேட்பார்கள். நமக்கு அது தகரத்தில் மழை பெய்த மாதிரிதான் கேட்கும்.

இப்போது கவனியுங்கள். இது ஒரு சொல்லை மூன்று படிகளில் வாசிக்கிறது.

முதலில், அந்தச் சொல் விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அங்கே எழுதியுள்ளபடி உச்சரிக்கும்.

இல்லையென்றால், எழுத்துகளை ஒலிகளாக மாற்றும் விதிகளுக்குப் போகும். ‘சி’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் ‘ஐ’ வந்தால் ‘ஸ’ ஒலி, ‘ஏ’ வந்தால் ‘க’ ஒலி என்பதுபோல.

கடைசியாக, அந்த ஒலிகளைக் குரலாக்கும்.

‘இரும்பு’க்கான அந்த ஆங்கிலச் சொல்லைப் பொதுவான விதிப்படி வாசித்தால் என்ன வரும்? ‘ஐரான்’ மாதிரிதான் வரும்! அதைச் சரியாகச் சொல்ல வைக்க யாரோ ஒருவர் தனியாக எழுதிச் சேர்த்தாக வேண்டும். அப்படியானால், 2003இல் நான் முட்டாளாக இருக்கவில்லை. விதியைச் சரியாகத்தான் பின்பற்றினேன். விதிவிலக்குப் பட்டியல்தான் என்னிடம் இன்னும் வந்து சேரவில்லை.

‘ஜேலன்’ சொன்ன பெண் குரலின் கதையும் இதுவே. மலாய்ப் பெயரை ஆங்கில விதிகளின்படி வாசித்தது. 1972இல் நம் நாடும் இந்தோனேசியாவும் சேர்ந்து மலாய் எழுத்துமுறையைச் சீரமைத்தபோது, ‘சி’ என்ற ஒற்றை எழுத்தையே ‘ச்’ ஒலிக்கு வைத்தார்கள். அதை அறியாத ஆங்கிலக் கணினிக் குரல் ‘சிக்கு’வை ‘ஸிக்கு’ என்று வாசித்தால் அதன் மேல் என்ன குற்றம்?

ஆங்கிலம் ஏன் இப்படி?

மலாயில் பெரும்பாலும் எழுதியபடி பேசலாம். தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கண்’ணில் ஒரு விதமாகவும் ‘பங்கு’வில் வேறு விதமாகவும் ஒலித்தாலும், இடத்தைப் பார்த்தே ஒலியைச் சொல்லிவிடலாம். ஆங்கிலம் அப்படியல்ல. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கிய பின், எழுத்துமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனது. அதே நூற்றாண்டுகளில் மக்களின் பேச்சொலிகள் பெரிய அளவில் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, பேச்சு நடந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் நாம் இன்று தடுக்கி விழுகிறோம்.

இன்னொரு சிக்கல், எழுத்தே இல்லாத ஓர் உயிரொலி. ‘பற்றி’ என்ற பொருள் தரும் ‘அபவ்ட்’ என்ற சொல்லின் முதல் ஒலியை ஆங்கிலேயர் ‘அ’ என்று முழுதாகச் சொல்வதில்லை. வாயைத் தளர்வாக வைத்து, சுருக்கமாக விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். நாமோ எல்லா எழுத்தையும் முழுதாக ஒலிக்கிறோம்.

இது நமக்குப் புதிதா? தமிழ் இலக்கண வகுப்பில் குற்றியலுகரம் படித்திருப்பீர்கள். ‘பட்டு’, ‘காது’ என்னும்போது கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது. இரண்டும் ஒரே ஒலியல்ல. ஆனால் தளர்த்திக் குறைப்பது என்ற பழக்கம் நம் நாக்குக்கு ஏற்கெனவே உண்டு.

படிவம் நான்கு மாணவர்களுக்கு இதில் இயற்பியலும் இருக்கிறது. தொண்டையிலிருந்து உதடு வரை ஒரு குழாய். வயது வந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். தொண்டைப் பக்கம் மூடியது, உதட்டுப் பக்கம் திறந்தது. அப்படிப்பட்ட குழாயில் முதல் ஒத்ததிர்வு, அலைநீளத்தின் கால் பங்கு குழாயின் நீளத்துக்குச் சமமாகும்போது வரும். வாய்க்குள் இருக்கும் சூடான ஈரக் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். 350ஐ 0.68ஆல் வகுத்துப் பாருங்கள், 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும். அடுத்தவை அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு. அதாவது 1500, 2500 ஹெர்ட்ஸ் அருகில். நாக்கைத் தளர்வாக விட்டால் வரும் அந்தச் சோம்பேறி உயிரொலியின் அடையாளம் இந்த மூன்று எண்கள்தாம். நாக்கைத் தூக்கினால், உதட்டைக் குவித்தால் குழாயின் வடிவம் மாறும், எண்கள் மாறும், ‘ஈ’யும் ‘ஊ’வும் பிறக்கும். ஈஸ்பீக் இந்த எண்களை வைத்துத்தான் குரலைக் கட்டுகிறது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுப்பார்கள். குடிக்கலாம், காசு இல்லை. அது இலவசம். பக்கத்து வீட்டு அத்தை ரசம் கொடுத்ததோடு செய்முறையையும் எழுதிக் கொடுத்து, “புளியைக் கூட்டிக்கோ, குறைச்சுக்கோ, உன் தோழிக்கும் கொடு” என்று சொன்னால், அது கட்டற்றது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அவர்கள் நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

இந்த எண்ணத்தை ஓர் இயக்கமாக்கியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் வேலை செய்த ஆய்வகத்துக்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதில் அப்படிச் செய்ய முடியவில்லை. நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். சொந்தக் கண் முன் இருக்கும் பொருளின் குறையைத் திருத்த உரிமை இல்லை! 1983இல் அவர் தம் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், பிறருக்குப் படி எடுத்துத் தரலாம், திருத்தியதையும் தரலாம் என்ற நான்கு உரிமைகள் உள்ளதே கட்டற்ற மென்பொருள்.

அந்தத் திட்டத்தின் பெயரே ஓர் உச்சரிப்புப் பாடம். அதே எழுத்துகளைக் கொண்ட ஆப்பிரிக்க விலங்கின் பெயரை ஆங்கிலேயர் ‘நூ’ என்பார்கள், முதல் எழுத்து ஊமை. ஸ்டால்மனோ தம் திட்டத்தை ‘குனூ’ என்று முதல் எழுத்தையும் ஒலித்தே சொல்லச் சொல்கிறார். 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அதை எப்படிச் சொல்வது என்று பலர் குழம்பியதால், தம் குரலையே பதிவு செய்து வெளியிட்டார். ஏறத்தாழ ‘லீனுக்ஸ்’ என்று கேட்கும். நாம் லினக்ஸ் என்கிறோம், சிலர் லைனக்ஸ் என்கிறார்கள். மென்பொருள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. என் வீட்டில் ‘இனி குப்பைதான்’ என்று ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று லினக்ஸ் போட்ட பிறகு இன்றும் ஓடுகிறது. கேள்வித்தாள்களை அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். என் கைப்பேசியின் ‘ஜேலன்’ குரலை என்னால் திருத்த முடியாது. அதன் உள்ளே என்ன விதி இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. சிரிக்க மட்டும்தான் முடியும். ஈஸ்பீக் அப்படியல்ல. அதன் விதிகளும் விதிவிலக்குப் பட்டியலும் யாரும் திறந்து பார்க்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகள். தவறு கண்டவர் திருத்தி அனுப்பலாம். அங்கே தவறான உச்சரிப்பைக் கேட்டால் ‘எந்த விதி விடுபட்டது?’ என்று கேட்கிறார்கள். நம் வகுப்பறைகளில் மட்டும் ஏன் முதல் வேலையாகச் சிரிக்கிறோம்?

அப்படியானால் தப்பாகவே பேசலாமா?

கூடாது. அறிவியலில் உச்சரிப்பு பொருளையே மாற்றும். வேதியியலில் ‘ஈத்தேன்’ வேறு, ‘ஈத்தீன்’ வேறு. முன்னது எரிபொருளாகும் இயற்கை வாயுவில் இருப்பது; பின்னது வாழைப்பழத்தைப் பழுக்க வைப்பது. ஓர் உயிரொலி மாறினால் வேறு மூலக்கூறு. எனவே திருத்தம் தேவை. ஆனால் திருத்துவது வேறு, ஏளனம் செய்வது வேறு.

வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்பதும் இல்லை. 1985இல் குரலை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங், கணினிக் குரலில் பேசினார். இங்கிலாந்துக்காரரான அவருக்குக் கிடைத்தது அமெரிக்க உச்சரிப்பு. பிற்காலத்தில் மேலும் இயல்பான குரல்கள் வந்தபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதுவே தம் குரல் என்றார். உலகம் அவர் சொன்ன கருத்தைத்தான் கேட்டது. தெளிவு இருந்தால் போதும். கிள்ளான் வாடை கொஞ்சம் இருந்தால் குற்றமில்லை.

செய்து பாருங்கள்

வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால், பெற்றோரிடம் கேட்டுவிட்டு என்விடிஏவை நிறுவுங்கள். திறந்தவுடன் சுட்டி தொடும் எல்லாவற்றையும் படபடவென்று படிக்கும், பயப்படாதீர்கள். நிறுத்த, இன்செர்ட், கியூ ஆகிய இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் உறுதி செய்யுங்கள். உங்கள் பெயர், தெருப் பெயர், பள்ளிப் பெயர் ஆகியவற்றை எழுதிப் படிக்க விடுங்கள். தப்பாகப் படித்தால், அமைப்புப் பட்டியலில் ‘பேச்சு அகராதி’ என்ற பகுதிக்குப் போய், ‘இந்தச் சொல்லை இப்படிப் படி’ என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை சரியாகச் சொல்லும். ஒரு கணினிக்கு நீங்கள் ஆசிரியராகிவிட்டீர்கள்!

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், ஒரு கோப்பைத் திறந்து மூன்று வரி எழுதிச் சேமியுங்கள். மஞ்சள் பட்டையின் மேல் இனி மோட்டார் சைக்கிளை நிறுத்த மனம் வராது.

இன்னும் ஆர்வம் உள்ளவர்கள், மொசில்லா அமைப்பின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்துக்குப் பெற்றோர் அனுமதியோடு தமிழ்க் குரலைக் கொடுக்கலாம். திரையில் வரும் வாக்கியத்தை வாசித்தால் போதும். யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சேமிப்பு அது. நாளைய கணினிகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட பதிவுகளிலிருந்துதான் கற்றுக்கொள்கின்றன. கிள்ளான் தமிழும் பிரிக்பீல்ட்ஸ் தமிழும் அதில் இல்லையென்றால், நாம் பேசும்போது கணினி விழிக்கும். அப்போது குறை சொல்லிப் பயனில்லை.

என் வகுப்பிலும் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். பின்சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, ‘விதிவிலக்குப் பட்டியல்’ என்று தலைப்பு எழுதினேன். யாராவது ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது. அந்தச் சொல்லையும் அதன் சரியான ஒலியையும் தாளில் எழுத வேண்டும். முதல் வரியில் நானே என் ‘ஐரானை’ எழுதி, பட்டப்பெயர்க் கதையையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரிக்க அனுமதி கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் 31 சொற்கள் சேர்ந்துவிட்டன. நான்கு என்னுடையவை. பதினேழாவது, தாளில் விடை எழுதி வைக்கும் அந்த மாணவனுடையது. அது பட்டியலுக்கு வந்திருக்கிறது என்றால், அவன் அதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான் என்றுதானே பொருள்?